பூஜை போட்ட பலகை

"ஆயிடும் உடுங்கண்ணா."

அவரை நினைத்தால் முகம் வருவதற்கு முன்னால் இந்தக் குரல்தான் வந்து நிற்கிறது. தமிழில் இப்படி. லாரிக்காரர் கன்னடத்துக்காரராக இருந்தால் "ஆகுத்தே பிடி". தளிப் பக்கத்துத் தெலுங்கு ஆட்களிடம் "அயிபோதுந்திலே". சரக்கு இறக்கும் வடநாட்டு லோடர்களிடம் "ஹோ ஜாயேகா". நாலு பாஷையிலும் ஒரே சிரிப்பு, ஒரே தலையாட்டல். முடியாது என்பதற்கு நாலு பாஷையிலும் அவருக்கு வார்த்தை தெரியாது என்றே நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓசூரிலிருந்து தொரப்பள்ளிக்குப் போகிற பக்கம் எனக்கு ரோஜா. திறந்த நிலம் இல்லை, பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ். வேலிக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் யார்டு. கப்பலில் சென்னைக்கு வரும் வெளிநாட்டு மெஷின்களைப் பெட்டியோடு இங்கே கொண்டுவந்து இறக்கி, பிரித்து, சுற்றியிருக்கும் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். அந்த யார்டுக்கு அவர் மேனேஜர். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஓசூரில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அப்படி நல்ல பெயர் எடுத்த மனுஷன்.

காவேரிப்பட்டினத்துக்காரர். மாந்தோப்பு உள்ள குடும்பம். வெளிர் நிறச் சட்டை, பையில் இரண்டு போன், நெற்றியில் மெல்லிசாக விபூதி. பேசும்போது நம் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொள்வார். பேச்சு முடிகிறவரை விடமாட்டார். கையைத் திருப்பி வாங்கும்போது நமக்கே ஏதோ கிடைத்துவிட்டது போல இருக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, செய்யவும் செய்தார். ராஜஸ்தான் லாரி டிரைவர் ஒருவர் யார்டு வாசலில் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, தன் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். எங்கள் ஊர்த் தேரின் அச்சு முறிந்தபோது யார்டு கிரேனை அனுப்பித் தூக்கிக் கொடுத்தார். ஒரு பொங்கலுக்கு லோடர்கள் அத்தனை பேரும் லீவு கேட்டார்கள். அத்தனை பேருக்கும் ஆகட்டும் என்றார். பொங்கலன்று ஒரு லாரி வந்து நின்றுவிட்டது. பனியனோடு அவரே பெட்டி இறக்கிக்கொண்டிருந்ததை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். உள்ளங்கை உரிந்து ரத்தம். நான் போய்க் கைகொடுத்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

என் வீட்டுக்காரி மல்லிகாவுக்கு மட்டும் அவரைப் பார்த்தால் ஆகாது. எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

"எல்லாருக்கும் சரி சரின்றாரே, ரெண்டு பேரு ஒண்ணையே கேட்டா யாருக்குக் குடுப்பாரு?" என்பாள்.

"உனக்கு யாரைத்தான் புடிச்சிருக்குது?"

"உங்களப் புடிச்சித்தானே கட்டிக்கினேன். அதுலயே தெரிய வேணாமா, என் லட்சணம்?"

அவள் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. யார்டு லாரிகள் பள்ளிக்கூடத் தெரு வழியாக வரக் கூடாது என்று ஊர்க்காரர்கள் நாங்கள் போய்க் கேட்டோம். "ஆயிடும் உடுங்கண்ணா, நாளையிலிருந்து ஒரு வண்டி வராது" என்றார். அதே வாரம் லாரி ஓனர்கள் போய், சுற்றிக்கொண்டு வந்தால் டீசல் கட்டுபடியாகாது என்றார்கள். அவர்களுக்கும் ஆயிடும். லாரிகள் வந்துகொண்டேதான் இருந்தன. தினம் காலையில் அவரே தெருமுனையில் நின்று, லாரிகளை நிறுத்தி, குழந்தைகளைக் கைபிடித்துச் சாலை தாண்டிவிட்டார். கேட்கப் போன நாங்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம். இவ்வளவு நல்லவரிடம் போய் என்னத்தைச் சண்டை போட?

இப்போது பூச்சிக்கு வருகிறேன்.

குளிர் தேசங்களில் ஒரு பூச்சி இருக்கிறதாம். பழுப்பு நிறம், முதுகு கேடயம் மாதிரி தட்டையாக இருக்கும். அதன் நிஜப் பெயர் வாயில் நுழையாது, யார்டில் நாத்தப் பூச்சி என்பார்கள். அங்கே குளிர் தொடங்கும்போது அது கதகதப்பான இடம் தேடி மெஷின் பெட்டிகளின் பலகை இடுக்கில் போய்த் தூங்கிவிடும். பெட்டியோடு கப்பலேறும். நம் ஊர் வெயில் பட்டதும் எழுந்துகொள்ளும். எழுந்தால் பழம், காய், பூ, மொட்டு என்று எதையும் விடாது, உறிஞ்சித் தீர்த்துவிடும். அதனால் அந்த மாதங்களில் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற கன்டெய்னரை அப்படியே திறக்கக் கூடாது. முதலில் பூட்டியபடியே உள்ளே பூச்சி சாகிற கேஸ் அடிக்க வேண்டும். பிறகு ஷட்டர் இறக்கிய ஷெட்டுக்குள் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பெட்டிப் பலகை யார்டை விட்டு வெளியே போகக் கூடாது, உள்ளேயே எரித்துவிட வேண்டும். மேலிடத்து உத்தரவு இது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

ஆகஸ்டு மாதம் யார்டு கேன்டீனில் பெரிய மீட்டிங் போட்டார். லோடர்கள், லாரிக்காரர்கள், கேஸ் அடிக்கும் காண்ட்ராக்ட் ஆட்கள், மெஷின் வாங்கும் கம்பெனிக்காரர்கள், சர்க்கார் பூச்சி ஆபீசர்கள், அக்கம்பக்கத்துப் பூ விவசாயிகள் நாங்கள் என்று எல்லோரையும் உட்கார வைத்தார். திரையில் அந்தப் பூச்சியை எருமை அளவுக்குக் காட்டினார். நாலு பாஷையிலும் பேசினார். "எங்கப்பா தோப்பு மாதிரிதான் எனக்கு இந்த ஊரு தோட்டம் எல்லாம். ஒரு பூச்சி வெளிய போச்சுன்னா நான் எங்க வீட்டுல சோறு திங்க முடியாது" என்றார். சொல்லும்போது குரல் நிஜமாகவே கம்மியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. போண்டா கொடுத்தார்கள், ஆளுக்கொரு பச்சைத் தொப்பி கொடுத்தார்கள்.

பிறகு ஒத்திகை. காலிப் பெட்டியைத் திறந்து ஒருவர் ஒரு புளியங்கொட்டையை வீசுவார். அதுதான் பூச்சி. முதலில் பார்க்கிற ஆள் "பூச்சி!" என்று கத்த வேண்டும். கத்தியதும் ஷட்டர் மடமடவென்று இறங்கும். ஒருவர் வலையோடு ஓடுவார், ஒருவர் பாட்டிலோடு ஓடுவார். அடடா, என்ன வேகம்! எங்களுக்குத் திருவிழா பார்த்த மாதிரி இருந்தது. "எப்படிண்ணா?" என்று என் தோளில் கை போட்டுக் கேட்டார். பிரமாதம் என்றேன். நிஜமாகவே பிரமாதம்தான்.  அதனால்தான், பின்னால் செய்ததைத் தெரியாமல் செய்தார் என்று மனசைத் தேற்றிக்கொள்ளக்கூட வழியில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் ஆயுத பூஜை என்றால் தீபாவளி பிச்சை வாங்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாலை, வாழைமரம், பொரி, பூசணிக்காய். யார்டுக்கு வருஷா வருஷம் பூ என்னுடையது. அன்றைக்கும் காலையிலேயே கூடையோடு போனேன். ஷட்டர்களை எல்லாம் உச்சிவரை ஏற்றியிருந்தார்கள். பெட்டி தூக்கும் ஃபோர்க் லிஃப்ட், கிரேன், லோடர்களின் பைக் எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டு வைக்கிற சந்தோஷத்தில் சுவரில் ஒட்டியிருந்த பூச்சிப் படத்துக்கும் யாரோ சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். நான்கூடச் சிரித்தேன்.

அப்போது ஒரு கம்பெனி முதலாளி காரில் வந்து இறங்கினார். அவருடைய புது மெஷின் முந்தின நாள்தான் கன்டெய்னரில் வந்து நிற்கிறது. அந்தக் குளிர் தேசத்துச் சரக்கு. கேஸ் அடிக்கிற ஆட்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், லீவு முடிந்துதான் வருவார்கள்.

"இன்னிக்கு மஞ்சள் குங்குமம் வெக்கலேன்னா இந்த மெஷினுக்கு அடுத்த வருஷம்தான் பூஜையா சார்? எங்கம்மா வேற வண்டியில உக்காந்துருக்காங்க. கொஞ்சம் மனசு வையுங்க" என்றார் முதலாளி.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மேனேஜர் கன்டெய்னரைப் பார்த்தார். சுவரில் பொட்டோடு இருந்த பூச்சியைப் பார்த்தார். காருக்குள் பட்டுப்புடவையில் இருந்த அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு முதலாளியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"ஆயிடும் உடுங்க சார்."

கன்டெய்னர் திறந்தது. ஷெட்டுக்குள்தான் கொண்டுபோய்ப் பிரித்தார்கள். ஆனால் ஷட்டரை யார் இறக்குவது? சாமி படம் உள்ளே, கற்பூரம் உள்ளே, சாம்பிராணிப் புகை உள்ளே, ஜனம் வாசல்வரை. பூஜை நடக்கும்போது யாராவது கதவைச் சாத்துவார்களா? அபசகுனம் இல்லையா? ஒருத்தருக்கும் தோன்றவில்லை. புளியங்கொட்டைக்கு அவ்வளவு சத்தமாகக் கத்திய லோடர்கள் கையில் பொரி வைத்துக்கொண்டு நின்றார்கள். மெஷினுக்கு மாலை போட்டார்கள். அது என் பூ.

நான் கிளம்பும்போது அந்தப் பெட்டியின் பலகைகள் ஃபோர்க் லிஃப்டில் ஏறிக்கொண்டிருந்தன. வெள்ளை வெளேரென்று நல்ல பலகை.

"உங்க வூட்டுக்குத்தாண்ணா. பேக்கிங் ஷெட்டுக்குப் பெஞ்சு அடிச்சிக்குங்க. வருஷா வருஷம் பூ தர்றீங்க, நான் என்ன செஞ்சிருக்கேன்?" என்றார் அவர்.

"வேணாம் சார். பலகை வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சிரித்தார். "அட, பூஜை போட்டாச்சு. இனிமே என்னாண்ணா?"

நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நான் வீடு போய்ச் சேர்ந்தபோது பாலிஹவுஸ் ஓரமாகப் பலகைகளை அடுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான் டிரைவர். "இதை என்னாத்துக்கு இங்க இறக்குறே?" என்று மல்லிகா கேட்டதற்கு, "சார் சொன்னாருக்கா" என்றானாம். நல்லது செய்யப்போகிறவரைத் தடுப்பதற்கு இந்த ஊரில் ஆள் கிடையாது.

கார்த்திகையில் மல்லிகாதான் முதலில் பார்த்தாள். மொட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று நசுக்கினாளாம். அழுகின கொத்தமல்லி நாற்றம். கையை எத்தனை முறை கழுவியும் போகவில்லை என்று என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். இலைக்கு அடியில், கம்பியில், கூரை மடிப்பில் எல்லாம் பழுப்புப் பழுப்பாக இருந்தன. கேன்டீன் திரையில் எருமை மாதிரி பார்த்ததை இங்கே நகக்கண் அளவில் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரிந்தது. தெரியாமல் போகுமா, அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தாரே.

இரண்டு பூச்சிகளை மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு அவரிடம் ஓடினேன். டப்பாவைத் திறந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மூடி, மேசை மேல் வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆயிடும் உடுங்கண்ணா. ஆபீசர் கிட்ட நானே பேசறேன். நீங்க போயி பெருசு பண்ணாதீங்க. அந்தப் பலகை உங்க கிட்ட இருந்தா உங்களுக்குத்தான் வீண் வம்பு. நானே எடுத்துக்கறேன்."

அன்று மதியமே ஃபோர்க் லிஃப்ட் வந்து பலகைகளை எடுத்துக்கொண்டு போனது. மாலையில் யார்டிலிருந்து புகை எழுந்தது. எவ்வளவு நல்ல மனுஷன், சொன்ன அன்றைக்கே செய்கிறாரே என்று நான் நினைத்தேன். மல்லிகா புகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு எரிக்கிறது பூச்சியை இல்லீங்க" என்றாள்.

நான் காத்திருந்தேன். போன் பண்ணினால் உடனே எடுப்பார், அதில் குறை சொல்ல முடியாது. பேசியாச்சு, வருவாங்க, ஆயிடும். பிப்ரவரியில் காதலர் தினத்துக்குப் பூக்கட்டும் என்று தண்டை வளைத்துவிட்டிருந்த செடியெல்லாம் மொட்டு கருகி, இதழ் ஒட்டிக்கொண்டு நின்றது. வருஷத்தில் எங்களுக்கு வாழ்வு அந்த ஒரு மாதம்தான். கடைசியில் நானே பூச்சி ஆபீசுக்குப் போய் நின்றேன். அங்கே இருந்த ஆபீசர் அம்மாவுக்கு அதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வந்து பார்த்தார்கள். செடி அத்தனையும் பிடுங்கி எரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் போய்விடும் என்றார்கள். நியாயம்தான், நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் அதோடு விடவில்லை. இந்தப் பூச்சி எப்படி வந்தது? அந்த வருஷம்தான் நான் பாதிச் செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுச் செடி நட்டிருந்தேன். வெளிநாட்டு ரோஜாக் குச்சியைக் கள்ளத்தனமாக வரவழைத்து நட்டுவிட்டானோ என்று அவர்களுக்குச் சந்தேகம். பூ வியாபாரத்தில் அந்தப் பேச்சு ஒன்று போதும், அதன் பிறகு ஒருவரும் நம்மிடம் பூ எடுக்கமாட்டார்கள்.

"மேடம், யார்டுல இருந்து பலகை வந்துச்சு. ஷட்டரைத் தொறந்து வெச்சிட்டு பெட்டியைப் பிரிச்சாங்க. நான் கண்ணால பார்த்தேன்" என்றேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வேலிக் கதவு வழியாக வந்தார். ஃபோர்க் லிஃப்ட் டிரைவரும் பின்னாலேயே வந்தான். என்னைப் பார்த்து எப்போதும் போலச் சிரித்தார். எனக்கு நெஞ்சில் தைரியம் வந்தது. இந்த மனுஷன் யாருக்கும் ஒரு வார்த்தை மறுத்ததில்லை, எனக்கா மறுத்துவிடுவார்?

"உங்க யார்டுல இருந்து பலகை எதுவும் வெளிய வந்துச்சா சார்?" என்று கேட்டார் ஆபீசர் அம்மா.

"இல்லைங்க மேடம்."

"கேஸ் அடிக்காம பெட்டி எதையும் பிரிச்சீங்களா?"

"இல்லைங்க."

அவ்வளவு மென்மையாக ஒருவர் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. டிரைவரைக் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்தபடி இல்லை என்று தலையை ஆட்டினான். ஒரு பொங்கலுக்கு அவனுக்கும் சேர்த்துப் பெட்டி இறக்கி ரத்தம் சிந்தியது அவர் கையாயிற்றே. அவனும் பாவம், என்ன செய்வான்?

போகும்போது என் கையைப் பிடித்தார். "மனசுல வெச்சிக்காதீங்கண்ணா. யார்டை மூடிட்டா இத்தனை பேரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும். அவங்களுக்கும் வாக்கு குடுத்துருக்கேன். உங்களுக்கு வேற வழியில பார்த்து செய்யறேன். ஆயிடும்." கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பில்லை. நடிப்பாக இருந்தால் ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். எல்லோருக்கும் தலையாட்டியதற்கு ஒருவன் தலை தேவைப்பட்டது. பக்கத்தில் இருந்தது என் தலை.

பொங்கலுக்கு முன்னால் செடிகளை எரித்தோம். மல்லிகாவும் நானும்தான் பிடுங்கிப் போட்டோம். பூ விவசாயிகள் சங்கத்தில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். எங்களுக்குச் செடி தருகிற நாற்றுக்காரர் "உங்களுக்குக் குடுத்தா என்னையும் வந்து கேப்பாங்க" என்று கைகழுவினார். அந்த வெற்று பாலிஹவுஸுக்குள் காற்றடித்தால் பிளாஸ்டிக் படபடக்கிற சத்தம் கேட்கும். அந்த வருஷம் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுபடி ஆகஸ்டு வந்தது. ஒரு காலையில் வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் பச்சைத் தொப்பி. பூச்சி சீசன் வருகிறதாம், மீட்டிங் போடுகிறாராம். விவசாயிகள் சார்பில் நான் வந்து முன் வரிசையில் உட்கார வேண்டுமாம். கேட்க எப்படி வாய் வந்தது? ஆனால் அவருக்கு வாய் வரும். தான் எனக்கு நல்லது செய்துகொண்டிருப்பதாகவே அவர் நிஜமாக நம்பினார்.

"வர்றேன்" என்றேன். "ஒண்ணே ஒண்ணு. உங்க பேரு வேணாம், கம்பெனி பேரு வேணாம். நான் கள்ளக் குச்சி நடலேன்னு அத்தனை பேரு முன்னால நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அது போதும், நான் தலை நிமிந்து நடந்துக்குவேன்."

என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"ஆயிடும் உடுங்கண்ணா."

போனேன். மல்லிகா இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள். கேன்டீன் நிறைய ஜனம், சங்கத்து ஆட்கள், நாற்றுக்காரர், ஆபீசர் அம்மா. திரையில் அதே பூச்சி, நாலு பாஷையிலும் அதே பேச்சு. அப்பா தோப்பு வந்தது, குரல் கம்மியது. பிறகு திரையில் என் பாலிஹவுஸ் வந்தது. எரிந்த செடிக் குவியல், ஓரத்தில் மல்லிகாவின் புடவைத் தலைப்பு.

"நம்ம அண்ணன் தோட்டம் இது" என்றார். "அஜாக்கிரதையா ஒரு செடி உள்ள வந்தா என்ன ஆகும்னு நமக்கெல்லாம் பாடம். மனசு நொந்துபோயும் இன்னிக்கு நம்ம கூப்பிட்டதுக்கு வந்து உக்காந்திருக்காரு பாருங்க. அண்ணனுக்கு ஜோரா ஒரு கைதட்டு குடுங்க."

எல்லோரும் தட்டினார்கள். நாற்றுக்காரரும் தட்டினார். பிறகு ஒத்திகை. யாரோ புளியங்கொட்டையை வீசினார்கள், யாரோ "பூச்சி!" என்று கத்தினார்கள், ஷட்டர் மடமடவென்று இறங்கியது. போன வருஷத்தைவிட வேகம்.

வீட்டுக்கு வந்தேன். மல்லிகா வாசலிலேயே நின்றிருந்தாள். தொப்பியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னாரா?" என்றாள்.

"இல்லை" என்றேன்.